புரவியின் போர்வை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, இருப்புப் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் செம்மங்குப்பம். அந்த வட்டாரத்தில் ஊரின் எல்லையைக் கடந்து சற்றுத் தொலைவு நடந்தால், வேம்பும் பனையும் சூழ்ந்த ஓரிடத்தில் ஐயனார் கோயில் எதிர்ப்படுவதுண்டு. கோயிலின் முன்னே மண்ணால் செய்த குதிரைகள் நிற்கும். சில புதியன, சில மழையிலும் வெயிலிலும் நைந்து, காதும் காலும் இழந்தவை. இளமையில் நான் அவற்றை அச்சத்தோடு பார்த்திருக்கிறேன். பின்னர் அச்சம் நீங்கி ஆர்வம் பிறந்தது. ஒருநாள், உடைந்து கிடந்த குதிரை ஒன்றின் அருகே அமர்ந்து, அதன் கழுத்தில் எத்தனை மணிகள் என்று எண்ணத் தொடங்கினேன். மணிகளை எண்ணி முடித்தபின் மார்பில் ஒரு பட்டை தெரிந்தது. பட்டையில் பூ தெரிந்தது. முதுகில் ஒரு விரிப்பின் விளிம்பும் தெரிந்தது. குதிரை மண், அதன் மேலிருந்த துணியும் மண். ஆயினும் அத்துணிக்குக் கரை இருந்தது. கரையில் புள்ளி வரிசை இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, நூலகம் ஒன்றில் பாரசீகச் சிற்றோவியங்களின் அச்சுப் படிகள் அடங்கிய நூல் ஒன்றைப் புரட்டினேன். அங்கேயும் குதிரைகள். ஒரு சாண் அளவுள்ள ஓவியத்தில் விரற்கடை அளவுள்ள குதிரை. அதன் முதுகிலே நீலப் போர்வை. போர்வை முழுவதும் பொன்னிறக் கொடிகள். அவற்றைச் சுற்றி ஒரு கரை. செம்மங்குப்பத்துப் பக்கம் நான் கண்ட மண்குதிரை உடனே நினைவுக்கு வந்தது. இவ்விரு குதிரைகளுக்கும் இடையே கடல் இருக்கிறது, காலம் இருக்கிறது, அரண்மனைக்கும் குயவர் வீட்டுத் திண்ணைக்கும் உள்ள தூரம் இருக்கிறது. எனினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்பின. ஒரு விலங்கின் முதுகில் இடும் துணிக்கு இத்தனை வேலைப்பாடு எதற்கு? மாணவ நண்பர்களே, அந்த வினாவுக்கு நான் தேடிக்கொண்ட விடையையே இன்று உங்களிடம் கூற வந்தேன்.

முதலில் போர்வையின் பயனைப் பார்ப்போம். குதிரையின் முதுகில் நேரே சேணத்தை வைத்தால் தோல் உராய்ந்து புண்படும். வியர்வை வழிந்து சேணம் நழுவும். ஆகையால் சேணத்துக்கு அடியில் ஒரு விரிப்பு வேண்டியிருந்தது. குளிர் நாடுகளில் ஓடிக் களைத்த குதிரையைப் போர்த்திக் காக்க வேண்டியிருந்தது. போர்க்களத்தில் அம்பிலிருந்தும் ஈட்டியிலிருந்தும் காக்கத் தடித்த கவசப் போர்வை வேண்டியிருந்தது. ஆகவே போர்வை தேவையிற் பிறந்தது. அழகு பின்னால் வந்து அதன்மேல் ஏறி அமர்ந்தது. சேலையும் அப்படித்தான் அன்றோ? உடலை மறைக்கப் பிறந்த துணி, பின்னர்க் கரையும் முந்தானையும் பெற்றது.

இந்த அழகு எவ்வளவு பழமையானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நடு ஆசியாவில் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்தில், உறைபனி மூடிய பழங்காலக் கல்லறைகள் உள்ளன. அவை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இறந்த தலைவரோடு அவர்தம் குதிரைகளையும் அங்கே புதைத்தனர். பனி உறைந்திருந்ததால் கம்பளமும் தோலும் அழுகாமல் நின்றன. வண்ணக் கம்பளித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்த சேண விரிப்புகள் அங்கே கிடைத்தன. 1949ஆம் ஆண்டு ருடென்கோ என்னும் ரஷ்ய ஆய்வாளர் அங்கே ஒரு முழுக் கம்பளத்தையும் கண்டெடுத்தார். அக்கம்பளத்தின் கரையிலே குதிரைகள் வரிசையாக நடக்கின்றன. அக்குதிரைகளின் முதுகிலே பூவேலை செய்த சிறு விரிப்புகள்! துணியின் மேலே துணியின் படம். இன்று அது லெனின்கிராது என முன்னர் வழங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிட்டாஜ் பொருட்காட்சிசாலையில் உள்ளது.

பசிரிக்கின் பனி அரிய விதிவிலக்கு. மற்ற இடங்களில் குதிரைப் போர்வைகள் கிழிந்தன, மக்கின, செல்லரித்தன. கம்பளியும் பட்டும் நெடுங்காலம் நில்லா. எனவே பழங்காலத்துக் குதிரை எதை அணிந்தது என்று அறிய வேண்டுமானால், ஓவியத்தையும் சிற்பத்தையுமே நாட வேண்டும். அவ்வகையில் பாரசீகச் சிற்றோவியம் ஒரு பெரும் புதையலாகும்.

பாரசீக மொழியின் பெருங்காவியம் ஷாநாமா. பிர்தௌசி என்னும் புலவர் ஏறத்தாழ 1010ஆம் ஆண்டில் அதனை முடித்தார். மன்னர்களின் கதை, ஆகவே குதிரைகளின் கதையும் ஆகும். வீரன் ருஸ்தம் ஏறிய ரக்ஷ் என்னும் குதிரை, அக்காவியத்தில் ஒரு பாத்திரமாகவே விளங்குகிறது. பின்வந்த அரசர்கள் இந்நூலைப் படி எடுக்கச் செய்து, ஏடுதோறும் ஓவியம் தீட்டுவித்தனர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தப்ரீஸ் நகரில் ஷா தஹ்மாஸ்ப் என்னும் மன்னனுக்காக உருவான படியில் மட்டும் 258 ஓவியங்கள் இருந்தன.

இவ்வோவியங்களிற் காணும் குதிரைப் போர்வைகளை இருவகையாகப் பிரிக்கலாம். போர்க்களக் காட்சிகளில் வருவது கவசப் போர்வை. பாரசீகர் இதனைப் பர்குஸ்துவான் என்பர். காதிலிருந்து முழங்கால்வரை குதிரையை அது மூடியிருக்கும். வேட்டையிலும் ஊர்வலத்திலும் வருவது அலங்கார விரிப்பு. இதன் அமைப்பு நமக்குப் புதியதன்று. சேலையைப் பார்த்தவர் இதனைப் படிக்க முடியும். சுற்றிலும் ஒரு கரை, நடுவே உடல், சில விரிப்புகளில் உடலின் நடுவே ஒரு பெரும் பதக்கம், கீழே தொங்கும் குஞ்சங்கள். அப்பதக்க வடிவத்தைப் பாரசீகக் கலைஞர் துரஞ்சு என்று அழைத்தனர். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு பெரும்பழத்தின் பெயர் அது.

கரையையும் உடலையும் நிரப்பும் கோலங்களுக்கும் பெயர்கள் உண்டு. சுருண்டு சுருண்டு செல்லும் கொடியும், இரண்டாகப் பிளந்த இலையும் சேர்ந்த கோலம் இஸ்லீமி. தாமரையும் வேறு பல பூக்களும் கொடியில் மலரும் கோலம் கத்தாயி. நாடாபோல் நெளியும் மேகக் கோலமும் உண்டு. கத்தாயி என்ற சொல்லுக்குச் சீன நாட்டைச் சார்ந்தது என்பது பொருள். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் சீனத்தையும் ஈரானையும் ஒருங்கே ஆண்டபோது, சீனத்துத் தாமரையும் மேகமும் ஈரானுக்கு வந்தன. அத்தாமரையோ, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பௌத்த சமயத்தின் வழியாக இந்தியக் கலையின் தொடர்பைப் பெற்றிருந்தது. நம் குளத்துப் பூ இமயத்தைச் சுற்றிக்கொண்டு சென்று, பாரசீகக் குதிரையின் முதுகில் ஏறியது என்று சொன்னால், அதில் மிகை அதிகம் இல்லை.

இவ்வோவியங்களில் ஒரு விந்தையும் உண்டு. குதிரையின் வயிறு வளைகிறது. ஆனால் போர்வையின் கோலம் வளைவதில்லை. தரையில் விரித்த துணிபோலவே அது தட்டையாகத் தெரிகிறது. நிழலும் மடிப்பும் பெரும்பாலும் இல்லை. ஓவியருக்கு வளைவைக் காட்டத் தெரியவில்லையோ என்று நான் முதலில் எண்ணினேன். அது தவறு. குதிரையின் கழுத்தை, குளம்பை, கண்ணை அத்துணை நுட்பமாகத் தீட்டிய கைக்கு மடிப்பு ஒன்று அரிதாகுமா? கோலம் முழுமையாகத் தெரியவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மடிப்பினால் ஒரு பூ மறைவதை அவர்கள் விரும்பவில்லை.

இதற்கு ஒரு காரணம் அவர்களுடைய பட்டறையின் அமைப்பிலே உள்ளது. ஹெராத் நகரத்தில் பைசுங்குர் என்னும் இளவரசனின் நூலகப் பட்டறையிலிருந்து, ஏறத்தாழ 1427ஆம் ஆண்டில் எழுதிய ஓர் அறிக்கை இஸ்தான்புல் நகரில் இன்றும் உள்ளது. எந்தக் கலைஞர் எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறார் என்று பட்டறைத் தலைவர் இளவரசனுக்குத் தெரிவிக்கும் குறிப்பு அது. நூல் ஓவியங்களின் நிலையைக் கூறும் அதே தாளில், ஒரு சேணத்துக்காக வரைந்த கோலத்தைப் படியெடுத்து, முத்துச்சிப்பி பதிக்கும் வேலை நடக்கிறது என்றும் காண்கிறோம். கூடாரம் தைப்போருக்கும் ஓடு செய்வோருக்கும் அங்கிருந்தே கோலங்கள் சென்றன. ஆகவே, நூலின் அட்டையில் இருந்த கொடியே கம்பளத்திலும் ஓடியது, சேணத்திலும் ஓடியது. ஓவியர் குதிரைப் போர்வையைத் தீட்டும்போது, தம் பட்டறையில் தாம் அறிந்த கோலத்தையே தீட்டினார்.

இனி, அந்தக் குதிரை நம் நாட்டுக்கு வந்த கதையைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் உயர்ந்த குதிரை வளர்ப்புக்கு ஏற்றவை அல்ல. நல்ல குதிரை கடல்வழியேதான் வரவேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் கலங்களில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு நிகழ்ந்த குதிரை வணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரித்துரைக்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து இப்பகுதித் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் அவர் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் வணிகம் பெரிது என்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லாமையால் அவை விரைவில் மடிகின்றன என்று வருந்தி எழுதினார். மடிந்தால் மீண்டும் வாங்கவேண்டும். பாண்டியனின் பொன் ஆண்டுதோறும் கடலைக் கடந்தது.

மாணிக்கவாசகரின் வரலாறு இந்தப் பின்னணியில்தான் நமக்கு முழுமையாக விளங்கும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பெரும்பொருளை அமைச்சர் கோயிற் பணிக்குச் செலவிட்டார். இறைவனே குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தான் என்பது கதை. அரசன் ஏன் அத்துணைச் சினங்கொண்டான் என்பதற்கு வஸ்ஸாஃப் கூறும் விலையே விடையளிக்கிறது. ஆவுடையார்கோயிலில் குதிரைமேல் வரும் அந்த இறைவனைக் குதிரைச்சாமி என்று மக்கள் இன்றும் வணங்குகின்றனர். மாணிக்கவாசகர் இறுதியில் சேர்ந்த தலமோ, நமது சிதம்பரம்.

குதிரையோடு சொற்களும் வந்தன. லகான் பாரசீகச் சொல். சவாரி பாரசீகச் சொல். சேணத்துக்கு வழங்கும் ஜீனியும், சாட்டைக்கு வழங்கும் சவுக்கும் அவ்வாறே. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூத் பந்தர் என்றொரு பெயர் வழங்கியது. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். நெசவாளர் வீட்டிலும் ஒரு சொல் தங்கிவிட்டது. பட்டுச் சேலையில் தெளித்தாற்போல் நெய்யும் சிறு பூவைப் புட்டா என்கிறோம். செடி, பூ என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லே அது. பிற்காலப் பாரசீகத் துணிகளில் மாங்காய் வடிவாக வளைந்து நிற்கும் கோலமும் அப்பெயரே பெற்றது. நம் வீட்டுச் சேலையின் மாங்காயும் புட்டாவும், அந்நாட்டுக் குதிரை விரிப்பின் பூக்களுக்கு உறவினர் என்று கொள்ளலாம். கொடுக்கல் ஒருவழி மட்டும் அன்று. சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றி, எழுதுகோலால் பூ எழுதிய துணிகள் 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குக் கப்பலேறின. கலம்காரி என்ற பெயரே எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. அங்கிருந்து குதிரை வந்தது. இங்கிருந்து துணி சென்றது.

வந்த குதிரை நம் கல்லிலே எவ்வாறு பதிந்தது? 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் கோயிலில், தேர்போல் அமைந்த மண்டபத்தை இழுக்கும் குதிரையைக் காணலாம். சிதம்பரத்து நிருத்த சபையும் குதிரை பூட்டிய தேர் வடிவிலேயே அமைந்தது. விஜயநகர காலத்திலோ குதிரை தூணை விட்டே எழுந்து பாய்கிறது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும், வேலூர் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், காஞ்சி வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் முன்கால் தூக்கிய குதிரைகளைப் பாருங்கள். வீரனையும் வேலையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குதிரையின் நெற்றியைப் பாருங்கள், மார்பைப் பாருங்கள், சேணத்தின் கீழ் வழியும் விரிப்பின் ஓரத்தைப் பாருங்கள். மார்பு வாரிலே மணியும் குஞ்சமும் தொங்கும். வார் வாலடியைச் சுற்றிச் செல்லும். அங்கவடியில் வீரனின் கால் பொருந்தியிருக்கும். வண்ணம் இல்லாத கல்லில் கரையை எப்படிக் காட்டுவது? சிற்பி முத்துக் கோத்தாற்போல் புள்ளிகளை வரிசையாகச் செதுக்கினான்.

இச்சிற்பங்கள் வெறுங் கற்பனை அல்ல. ஏறத்தாழ 1520ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், அரசனின் குதிரைப்படை அணிவகுப்பைக் கண்டு எழுதினார். குதிரைகளின் நெற்றியில் வெள்ளிப் பட்டங்களும் பொன்முலாம் பூசிய பட்டங்களும் இருந்தன. பல நிறப் பட்டு நூலால் முறுக்கிய குஞ்சங்கள் தொங்கின. மெக்கா வெல்வெட்டும் பிற பட்டுத் துணிகளும் போர்த்தியிருந்தன என்கிறார். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னே வந்த நூனிஸ், அரசன் ஹார்முஸ் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாக ஆண்டுக்கு 13,000 வாங்கினான் என்று குறித்தார். நெல்லை மாவட்டத்தில் தாமிரவருணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவரில், குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலத்தை ஓவியர் தீட்டியே வைத்திருக்கின்றனர்.

இதுவரை கூறியவை அரசர் குதிரைகள். 220 பொற்காசு கொடுத்து யார் குதிரை வாங்க முடியும்? உழவன் வாங்க முடியுமா? குயவன் வாங்க முடியுமா? ஆயினும் ஊரைக் காக்கும் ஐயனாருக்கு ஊர்தி வேண்டும். இரவெல்லாம் எல்லையைச் சுற்றிவரும் தெய்வம் நடந்து செல்லலாமா? ஆகவே, கடல் கடந்து வந்த விலையுயர்ந்த அந்த விலங்கை, தன் ஏரி மண்ணிலிருந்தே ஊர் படைத்துக் கொண்டது. குழந்தை பிறந்தால் ஒரு குதிரை. நோய் தீர்ந்தால் ஒரு குதிரை. மழை பெய்தால் ஒரு குதிரை என்று நேர்ந்துகொண்டது. வெறுங் குதிரையை அது கொடுக்கவில்லை. அரசன் குதிரை அணிந்த நெற்றிப்பட்டம், கழுத்துமணி, மார்புவார், சேணம், விரிப்பு ஆகிய அனைத்தையும் அணிவித்தே கொடுத்தது. மண்குதிரையின் போர்வையில் நான் கண்ட பொருள் இதுவே. மன்னனுக்கு நிகரான ஊர்தியைத் தன் தெய்வத்துக்கு அளிக்க ஏழையாலும் முடியும் என்பதை அந்தப் புள்ளி வரிசை சொல்லுகிறது.

மண்குதிரை செய்யும் முறையைச் சற்று அறிந்துகொண்டால், அதன் கோலங்கள் இன்னும் தெளிவாகும். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைவர். வெறுங் களிமண் காயும்போதும் சுடும்போதும் வெடிக்கும். மணலும் உமியும் அதனைத் தடுக்கும். கால்களை உருளைகளாகச் செய்து நிறுத்தி, அவற்றின்மேல் உடலை வளையம் வளையமாக எழுப்புவர். உள்ளே கூடாக இருக்கும். ஆவி வெளியேறத் துளையும் விடுவர். தலையைத் தனியே செய்து பொருத்துவதும் உண்டு. உடல் ஓரளவு இறுகியபின் அணிகள் ஏறும். மண்ணைத் திரியாக உருட்டி வைத்தால் வார்; திரியைப் பெருவிரலால் அழுத்திச் சென்றால் சரிகைக் கரை; சிறு உருண்டையை ஒட்டிக் குச்சியால் கீறினால் சலங்கை; உருண்டையைத் தட்டிச் சுற்றிலும் நகத்தால் கிள்ளினால் பூ. மெல்லிய குஞ்சத்தை மண்ணில் தொங்கவிட இயலாது, சூளையில் உடைந்துபோகும். எனவே குஞ்சம் உடலோடு ஒட்டிய வரியாக மாறுகிறது.

பாரசீக ஓவியரின் தூரிகை எதை வேண்டுமானாலும் தீட்டும். ஆகவே அவர் போர்வை முழுவதையும் கொடியால் நிரப்பினார். சிற்பியின் உளி ஆழத்தை அறியும். ஆகவே அவன் விளிம்பைப் பேசவைத்தான். குயவரின் விரலோ கூட்டி ஒட்டுவதில் வல்லது; ஆகவே அவர் மணியையும் வாரையும் புடைப்பாக்கினார். ஒரே போர்வை, மூன்று கைகளில் மூன்று மொழி பேசுகிறது.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் புரவி எடுப்பு என்று ஒரு விழா உண்டு. ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பர். அம்மண்ணோடு சேர்த்துப் புரவிகளைச் செய்து, சுட்டு, வண்ணம் பூசி, விழா நாளில் கண் திறந்து, தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்குக் கொண்டுசெல்வர். பழைய புரவிகளை எவரும் பழுதுபார்ப்பதில்லை. அவை மழையில் கரைந்து மீண்டும் மண்ணாகின்றன. அடுத்த விழாவுக்குப் புதியவை வருகின்றன.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். பாரசீகக் கோலம் தாளில் தங்கியது. அத்தாள் கருவூலத்தில் தங்கியது. தஹ்மாஸ்ப் மன்னனின் ஷாநாமா 1568ஆம் ஆண்டில் துருக்கிச் சுல்தானுக்குப் பரிசாகச் சென்றது. 20ஆம் நூற்றாண்டில் அதை வாங்கிய ஒருவர் அந்நூலைப் பிரித்து ஏடுகளைத் தனித்தனியே விற்கத் தலைப்பட்டார். எஞ்சிய 118 ஓவியங்கள் 1994ஆம் ஆண்டில் ஈரானுக்குத் திரும்பின. நூல் சிதறியது, ஆனால் கோலம் அழியவில்லை. பிரிந்த ஏடு எங்கே இருந்தாலும் நீலப் போர்வையின் பொற்கொடி அப்படியே இருக்கிறது. நம் மண்குதிரையின் கோலமோ பொருளில் தங்குவதன்று, கையில் தங்குவது. குதிரை கரைந்தாலும் செய்த கை இருந்தால் கோலம் மீண்டும் பிறக்கும். கை நின்றுபோனால், நூறு குதிரைகள் நின்றிருந்தாலும் சில மழைக்காலங்களில் எல்லாம் போய்விடும்.

அந்தக் கைகள் இன்று குறைந்து வருகின்றன. பல ஊர்களில் மண்குதிரைக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை வந்திருக்கிறது. இதனை நான் குறையாகமட்டும் கூற மாட்டேன். ஒருமுறை செலவு செய்தால் நெடுங்காலம் நிற்கும் என்று ஊரார் எண்ணுவது இயல்பே. சிமெண்டுக் குதிரையின் முதுகில் எனாமல் வண்ணத்தால் தீட்டிய விரிப்புகளை உற்றுப் பார்த்திருக்கிறேன். சிவப்பு நிலம், மஞ்சள் கரை, நடுவே ஒரு பூ, மடிப்பு இல்லாத தட்டைக் கோலம்! பாரசீகச் சிற்றோவியரை அறியாத ஊர் ஓவியர், அவர் வழியிலேயே தம் போக்கில் வந்து சேர்ந்திருக்கிறார். அதைக் கண்டு வியந்தேன். ஆனால் மண்ணைத் திரியாக உருட்டும் விரலுக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த விழா வரை காத்திருக்கும் குயவர் குடும்பத்துக்கும் வேலை இல்லை. நிலைத்து நிற்கும் குதிரை வந்ததனால், நிலைத்து வந்த கலை நிற்கிறது.

முழுவதும் மனம் தளரவும் வேண்டியதில்லை. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தஞ்சையின் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில், ஆடுவோரின் இடுப்பிலிருந்து தொங்கும் வண்ணத் துணி, உண்மையான குதிரைப் போர்வையாகவே இன்னும் அசைகிறது. அதில் கண்ணாடியும் சரிகையும் மின்னுகின்றன. திருக்கோயில் விழாக்களில் உலாவரும் மரக்குதிரை வாகனத்தின் முதுகிலும் பூவேலை செய்த சேணத்தைக் காணலாம்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. உங்கள் ஊர் எல்லையில் மண்குதிரை நின்றால், ஒரு மாலை நேரம் அதன் அருகே சென்று நில்லுங்கள். கழுத்துமணிகளை எண்ணுங்கள். மார்புப் பட்டையின் பூவைத் தாளில் வரையுங்கள். விரிப்பின் கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதனைச் செய்த பெரியவர் இருந்தால் அவரிடம் சென்று, ஒவ்வோர் அணிக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயர்களுள் பல அகராதியிலும் இல்லாதவையாக இருக்கும். ஹெராத் நகரத்துப் பட்டறையில் யார் எந்தச் சேணத்துக்கு வரைந்தார் என்பதை ஒருவர் எழுதி வைத்ததனால், ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்து நாம் அதனை அறிகிறோம். நம் ஊர்ச் சூளையைப் பற்றி எழுத, நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் இளமையில் மணி எண்ணிய அந்தக் குதிரை இன்று இல்லை; அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. அன்று ஒரு தாளில் அதனை வரைந்து வைக்கத் தோன்றவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அக்குறை உங்களுக்கு நேராதிருக்கட்டும்.